அமுதகவி உமறுப் புலவர்

பாண்டி நாட்டின் கீழ்க்கடற்கரை முத்துக்குப் பேர்பெற்றது. கொற்கை, காயல், தூத்துக்குடி, கீழக்கரை என அக்கரையில் அமைந்த பட்டினங்கள் யாவும் முத்தாற் பொலிந்தன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வெனிசு நகரத்து மார்க்கோ போலோ காயலின் வளத்தைத் தம் நூலில் வியந்து குறித்தார். பின்னர்ப் போர்த்துக்கீசியர் வந்தனர். கி. பி. 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் அவர்களை வென்று தூத்துக்குடியைக் கைப்பற்றினர்.

முத்துக் குளிப்போர் கனத்த கல்லின் துணையால் கடலின் அடித்தரைக்கு இறங்குவர். மூச்சை அடக்கிச் சிப்பிகளை வாரிக்கொண்டு மேலெழுவர். அவர்தம் அருஞ்செயலை நாம் வியக்கிறோம். ஆனால், சிப்பி செய்யும் செயல் அதனினும் வியப்புடையது. தன் மெல்லுடலுள் புகுந்து உறுத்தும் அயற்பொருளை வெளியே தள்ள இயலாதபோது, சிப்பி தன்னுள் ஊறும் ஒளிப்பொருளால் அதனை அடுக்கடுக்காகப் போர்த்துகிறது. நாள் செல்லச் செல்ல உறுத்திய பொருளே ஒளிவீசும் முத்தாகிறது.

இவ்வாறு துன்பத்தைப் போர்த்து முத்தாக்கிய புலவர் ஒருவர் இக்கடற்கரையை அடுத்த நாட்டில் வாழ்ந்தார். அவர் தந்த முத்தே சீறாப்புராணம். அவர்தாம் அமுதகவி என்று போற்றப்பெறும் உமறுப் புலவர்.

இளமையும் கல்வியும்

உமறுப் புலவர் பிறந்த ஊர், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த நாகலாபுரம் என்பர். அவர் பிறந்த ஆண்டு கி. பி. 1642 எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அவருடைய தந்தையார் சேகு முதலியார் என்பவர். அவர் மலையாளக் கரையிலிருந்து வந்து நறுமணப் பொருள் விற்ற வணிகர். பின்னர் எட்டயபுரத்திற் குடியேறினார்.

அக்காலத்து எட்டயபுரம் சிற்றூரேயாயினும், தமிழ்ப் புலமையைப் பேணிய அரசவை ஒன்றைக் கொண்டிருந்தது. அவ்வவையில் கடிகைமுத்துப் புலவர் தலைமைப் புலவராய் வீற்றிருந்தார். சமுத்திர விலாசம் முதலிய நூல்களை இயற்றியவர் அவர். சமய வேறுபாடு கருதாத அப்பெரியாரிடம் இளைஞர் உமறு மாணாக்கராய்ச் சேர்ந்தார். இலக்கணமும் இலக்கியமும் வழுவறக் கற்றார். ஆசிரியர் சைவ வைணவ நூல்களின் நயத்தைக் கூற, முஸ்லிம் மாணாக்கர் அதனைச் செவிவாயாக நெஞ்சு களனாகக் கொண்டார். தமிழ் அவ்விருவரையும் ஒரு குடும்பத்தவராக்கியது.

வடநாட்டிலிருந்து வந்த வாலை வாருதி என்னும் செருக்குடைய புலவர் ஒருவர் கடிகைமுத்துப் புலவரை வாதுக்கு அழைத்தார் என்றும், ஆசிரியருக்கு மாறாகப் பதினாறு வயதே நிரம்பிய உமறு அவைக்குச் சென்று அவரை வென்றார் என்றும் ஒரு வரலாறு வழங்குகிறது. ஆசிரியருக்குப்பின் எட்டயபுர அரசவைப் புலவர் பதவி உமறுவைச் சேர்ந்தது. அரசர் கொடுத்த சிறப்பும், ஊரார் கொடுத்த மதிப்பும், தம் புலமை தந்த புகழும் அவரைச் சூழ்ந்திருந்தன. இளமையிலேயே வெற்றி கண்டவர்க்குத் தோல்வியைத் தாங்கும் வன்மை அமைவது அரிது. அவ்வன்மையை உமறு இனிமேல்தான் கற்க வேண்டியவராயிருந்தார்.

வள்ளலின் விருப்பம்

அந்நாளில் கீழக்கரையில் சீதக்காதி என்னும் வள்ளல் வாழ்ந்தார். செய்கு அப்துல் காதர் என்பது அவருடைய இயற்பெயர். சேதுநாட்டு மன்னர் கிழவன் சேதுபதியின் நன்மதிப்பைப் பெற்றவர். கடல் வாணிகத்தாற் பெரும்பொருள் ஈட்டியவர். ஈட்டிய பொருளைப் புலவர்க்கும் வறியவர்க்கும் வரையாது வழங்கினார். இறந்த பின்னும் ஈந்தவர் என்று தமிழ் மக்கள் அவரை இன்றும் பாராட்டுவர்.

தமிழிற் காப்பியங்கள் பல இருந்தும், நபிகள் நாயகத்தின் வரலாற்றை விரித்துரைக்கும் பெருங்காப்பியம் ஒன்று இல்லையே என்னும் குறை அவ்வள்ளலின் உள்ளத்தை வருத்தியது. அக்குறையை நிறைவிக்கத் தக்கவர் உமறுப் புலவரே என அவர் தெளிந்தார். அவருடைய வேண்டுகோளைப் புலவர் மகிழ்வுடன் ஏற்றார்.

ஆயினும், பணி எளியதன்று. நாயகத்தின் வரலாறு அரபு நூல்களில் இருந்தது. கற்பனையாற் புனைந்து கொள்ளத்தக்க கதையன்று அது. கோடிக்கணக்கான மக்கள் உயிரெனப் போற்றும் உண்மை வரலாறு. அதில் ஒரு செய்தி பிழைபடினும் நூல் பழுதாகும். ஆகவே, அரபு நூல்களில் ஆழ்ந்த புலமையுடைய பெரியார் ஒருவரிடம் செய்திகளைக் கேட்டறிதல் இன்றியமையாததாயிற்று. அத்தகைய பெரியார் காயல்பட்டினத்திற் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த சதக்கத்துல்லா அப்பா அவர்கள். உமறு அவரை நாடிச் சென்றார்.

மறுப்பும் கண்ணீரும்

அரசவைப் புலவர்க்குரிய ஆடை அணிகளோடு சென்று நின்ற உமறுவைச் சதக்கத்துல்லா அப்பா ஏறிட்டு நோக்கினார். தமிழ்ப் புலமை மிக்கவராயினும் மார்க்க நூல்களிற் பயிற்சியில்லாத இவர், நாயகத்தின் தூய வரலாற்றை எங்ஙனம் பாடுவார் என்னும் ஐயம் அவர்க்கு எழுந்தது. செய்திகளைச் சொல்ல அவர் இசையவில்லை.

அப்பெரியார் தயங்கியதற்குக் காரணம் இல்லாமலில்லை. ஆயினும், அவையிற் புலவர் பலரை வென்ற ஒருவர்க்கு இம்மறுப்பு எத்துணைத் துன்பம் தந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சினங்கொண்டு எட்டயபுரம் திரும்பியிருக்கலாம். அரசவையில் முன்போல் இன்பமாய் வாழ்ந்திருக்கலாம். கேட்டறிந்த சிறிதளவு செய்தியைக் கொண்டு மனம்போனபடி பாடியும் இருக்கலாம். உமறு இவற்றுள் ஒன்றையும் செய்யவில்லை. மறுத்த பெரியாரைப் பழிக்கவுமில்லை. தம் தகுதியின்மையை எண்ணிப் பள்ளிவாசலில் அமர்ந்து கண்ணீர் விட்டார். நாயகத்தைப் போற்றிப் பாடி உருகினார். முதுமொழி மாலை அவர் அந்நாளிற் பாடியது என்பர்.

அவ்விரவில் நாயகம் அவர் கனவில் தோன்றி அருளியதாகவும், அதனை அறிந்த சதக்கத்துல்லா அப்பா மனமுவந்து உமறுவை ஏற்றுக்கொண்டதாகவும் மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். பின்னர்ப் பரங்கிப்பேட்டையில் வாழ்ந்த மார்க்க அறிஞர் ஒருவரிடமும் உமறு சென்று வரலாற்றுச் செய்திகளைக் கேட்டார். பெரும்புலவர் என்று பேரெடுத்தவர், மீண்டும் மாணாக்கராகிப் பிறர் முன்னிலையில் பணிந்து அமர்ந்தார்.

அழுதவர் எங்ஙனம் பொறுமையுடையவர் ஆவார் எனச் சிலர் வினவக்கூடும். இஸ்லாம் பொறுமையைச் சபுர் என்னும் அரபுச் சொல்லாற் குறிக்கிறது. அடக்கிப் பிடித்தல் என்பது அதன் வேர்ப்பொருள். துன்பம் வந்தபோது மனம் சிதறாமல் நிற்பதும், இடையூறு நேரினும் கடமையை விடாது செய்வதும், தீயவற்றின்பாற் செல்லாமல் உள்ளத்தைத் தடுப்பதும் ஆகிய மூன்றும் சபுரேயாகும். கண்ணீரை அது விலக்கவில்லை. மகனைப் பிரிந்த யாகூபு நபி அழுதழுது கண்ணொளி இழந்தார். மக்களையும் செல்வத்தையும் உடல்நலத்தையும் இழந்த அய்யூபு நபி இறைவனிடமே தம் துன்பத்தை முறையிட்டார். அவ்விருவரையும் பொறுமைக்கு எடுத்துக்காட்டாகவே திருக்குர்ஆன் கூறுகிறது.

நாயகம் காட்டிய வழி

உமறு கேட்டறிந்த வரலாறோ பொறுமையின் வரலாறாகவே இருந்தது. நபிகள் நாயகம் கி. பி. 570ஆம் ஆண்டளவில் மக்கா நகரிற் பிறந்தார். பிறக்குமுன்னரே தந்தையை இழந்தார்; ஆறாம் வயதில் அன்னையை இழந்தார்; எட்டாம் வயதில் பாட்டனாரும் மறைந்தார். பின்னர் அவரைப் பேணி வளர்த்தவர் பெரிய தந்தையார் அபூத்தாலிபு ஆவார். கதீஜா அம்மையாரை மணந்து இல்லறம் நடத்துங்கால், ஆண்மக்கள் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர்.

நாற்பதாம் வயதில் இறைவனது திருத்தூதை எடுத்துரைக்கத் தொடங்கியதும் பகை மூண்டது. கி. பி. 616ஆம் ஆண்டளவில் மக்காவின் தலைவர்கள் நாயகத்தின் குலத்தாரை முற்றிலும் விலக்கி வைத்தனர். அவர்களோடு கொள்வினை கொடுப்பினை ஒழிந்தது. உணவுப்பொருள் விற்பாரும் இலர். ஏறத்தாழ மூன்றாண்டுகள் மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் அக்குலத்தார் பட்டினியாற் வாடினர். பசியால் அழும் குழந்தைகளின் குரல் பள்ளத்தாக்கிற்கு அப்பாலும் கேட்டதாம்.

அத்துன்பம் நீங்கிய சில திங்களில் அதனினும் பெருந்துன்பம் நேர்ந்தது. கி. பி. 619ஆம் ஆண்டில், வெளிப்பகையைத் தடுத்து நின்ற அபூத்தாலிபும், உள்ளத் துயரை ஆற்றி நின்ற கதீஜா அம்மையாரும் அடுத்தடுத்து மறைந்தனர். அவ்வாண்டைத் துயர ஆண்டு என்றே வரலாற்றாசிரியர் வழங்குவர். ஆதரவு நாடித் தாயிபு நகருக்குச் சென்ற நாயகத்தை அங்குள்ளார் இகழ்ந்தனர். சிறுவர்களை ஏவிக் கல்லால் எறிவித்தனர். காலிலிருந்து குருதி வழிந்தது. அந்நகரத்தார் அழியவேண்டும் என அப்போது நாயகம் வேண்டியிருக்கலாம். மாறாக, இவர்தம் வழியில் வருவோராயினும் நல்வழி அடைவர் என்று நம்பினார். அவர்கள் பொருட்டுப் பொறுத்தார். மூன்றாண்டுகளுக்குப்பின், கி. பி. 622இல், மதீனா நகரம் அவரை அன்புடன் வரவேற்றது.

நாயகத்தின் பொறுமை சோம்பியிருத்தல் அன்று. ஒரு வாயில் அடைபட்டபோது மற்றொரு வாயிலை நாடிச் சென்றதே அப்பொறுமை. இவ்வரலாற்றைக் கேட்டுக் கேட்டுப் பாட்டாக்கிய புலவர்க்கு, அப்பாடத்தைத் தம் வாழ்விலும் மேற்கொள்ள வேண்டிய காலம் விரைவில் வந்தது.

புரவலரின் பிரிவு

நூல் வளர்ந்து வந்தது. கீழக்கரையில் அறிஞர் குழுமிய அவையில் அதனை அரங்கேற்றுவதென எண்ணியிருந்தனர். அந்நிலையில் வள்ளல் சீதக்காதி காலமானார்.

ஒரு காப்பியத்தை இயற்றுவது புலவரின் செயல். ஆனால், அவர் பல்லாண்டு கவலையின்றி அமர்ந்து பாடுதற்கும், ஏடுகளைப் படியெடுப்பதற்கும், அறிஞரை அழைத்து அரங்கேற்றுதற்கும் புரவலரின் துணை வேண்டும். அச்சுப்பொறி பரவாத அக்காலத்தில் அரங்கேறாத நூல் பிறவாத நூலுக்கு ஒப்பாகும். நூலை விரும்பிக் கேட்டவரே அதனைக் கேளாது மறைந்தார் என்பது எல்லாவற்றினும் பெருந்துயர். பாடிய பாட்டைக் காட்டி மகிழ்விக்க வேண்டிய முகம் இனி இல்லை. அன்று எட்டயபுரத்துப் புலவரின் நெஞ்சம் எவ்வாறு வெறுமையுற்றிருக்கும் என்பதை அன்புடையாரை இழந்தார் எவரும் அறிவர்.

உயிர் இறைவனது உடைமை என்றும், அவன் தந்ததை அவனே மீட்டுக்கொள்கிறான் என்றும் எண்ணித் துயரை ஆற்றிக்கொள்வது இஸ்லாமிய மரபு. உமறுவும் அவ்வாறே ஆற்றினார். எழுத்தாணியைக் கீழே வைத்துவிடவில்லை. இறந்தவரின் விருப்பத்தை நிறைவேற்றுவதே அவருக்குச் செய்யும் கடன் எனத் துணிந்தார்போலும். ஏட்டுச் சுவடிகளோடு சோழமண்டலக் கரையிலுள்ள பரங்கிப்பேட்டைக்கு மீண்டும் சென்றார். முன்பு மாணாக்கராய்ச் சென்ற ஊரிலேயே அவருக்குத் துணைவர் கிடைத்தார். அபுல் காசிம் மரைக்காயர் என்னும் செல்வர் அவரை ஏற்று ஆதரித்தார். அவருடைய முயற்சியால் சீறாப்புராணம் அரங்கேறியது. அவர் செய்த உதவியை நன்றி மறவாத புலவர் காப்பியத்துள் பல இடங்களில் பாராட்டியுள்ளார்.

நூலின் சிறப்பு

சீறா என்னும் அரபுச் சொல் வாழ்க்கை வரலாறு என்னும் பொருளது. இந்நூல் விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்றத்துக் காண்டம் என மூன்று காண்டங்களை உடையது. நாயகத்தின் பிறப்பையும், நபித்துவத்தையும், மதீனாவுக்குச் சென்றதையும் அவை முறையே கூறுகின்றன. 92 படலங்களும் 5027 பாடல்களும் இதில் அமைந்துள்ளன. அரபு நாட்டைப் பாட வந்த புலவர், தமிழர் கண்ட மலையையும் ஆற்றையும் வயலையும் அந்நாட்டிற் காட்டுகிறார். வரலாறு அரபு நாட்டிற்குரியது. நாவும் நெஞ்சும் தமிழ்நாட்டிற்குரியவை.

பொறுமையின் அழகை விளக்கும் படலம் ஒன்றை இங்குக் கூறலாம். அது மானுக்குப் பிணை நின்ற படலம். காட்டுவழியே சென்ற நாயகம், வேடன் ஒருவன் பெண்மானைப் பிணித்து வைத்திருக்கக் கண்டார். அம்மான், பாலுக்கு ஏங்கும் தன் கன்றைத் தனியே விட்டு வந்ததாகவும், பாலூட்டிவிட்டுத் திரும்பி வருவதாகவும் முறையிட்டது. நாயகம் வேடனிடம் மானுக்குப் பிணையாகத் தாமே நின்று அதனை விடுவித்தார். வேடனோ நம்பவில்லை. காட்டை அடைந்த விலங்கு கட்டுக்கு மீள்வதுண்டோ என ஐயுற்றான். நாயகம் அமைதியுடன் காத்து நின்றார்.

கன்றுக்குப் பால் ஊட்டிய மான், இனத்தார் தடுத்தும் கேளாமல், தனக்காகப் பிணை நின்றவரை எண்ணி மீண்டது. அதன் பின்னே கன்றும் வந்தது. அக்காட்சியைக் கண்ட வேடன் மனம் மாறினான், மானை விடுவித்தான், தானும் இஸ்லாத்தைத் தழுவினான். பிறர் துன்பத்தைத் தம் துன்பமாக ஏற்றுக் காத்து நிற்பதும் பொறுமையே என்பதை இப்படலம் நமக்கு உணர்த்துகிறது.

முத்தின் ஒளி

சீறாப்புராணம் நாயகத்தின் வாழ்க்கை முழுவதையும் கூறி முடியவில்லை. மதீனா வாழ்வின் இடையிலேயே அது நின்றுவிடுகிறது. கி. பி. 1703ஆம் ஆண்டில் உமறுப் புலவர் மறைந்தார் என்பர். எட்டயபுரத்திலேயே அவர் அடக்கமானார்.

எனினும், அவர் தொடங்கிய பணி நின்றுவிடவில்லை. காயல்பட்டினத்துப் பனி அகுமது மரைக்காயர் என்னும் புலவர் எஞ்சிய வரலாற்றைச் சின்ன சீறா என்னும் பெயரால் பாடினார். ஏட்டில் இருந்த சீறாப்புராணத்தைக் காயல்பட்டினத்து அறிஞர் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் பெருமுயற்சியுடன் தொகுத்து, 1842ஆம் ஆண்டில் அச்சிற் பதிப்பித்தார். பின்னர்ச் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் அதற்கு உரை வகுத்தார். எட்டயபுரத்தில் புலவரின் அடக்கவிடத்தில் 1912ஆம் ஆண்டில் பிச்சையா கோனார் என்னும் அன்பர் நினைவுச்சின்னம் எழுப்பினார். முஸ்லிம் மாணாக்கருக்கு அன்று தமிழ் கற்பித்தவர் இந்து ஆசிரியர். அம்மாணாக்கருக்கு நினைவுச்சின்னம் அமைத்தவரும் இந்துவே. அவ்வூரில்தான் 1882ஆம் ஆண்டில் பாரதியாரும் பிறந்தார்.

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்தல் 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. படகுகள் நிரம்பி வந்த அக்காட்சியை இனி நாம் நூல்களில்தான் காணவேண்டும். ஆனால், உமறுப் புலவர் தந்த முத்து ஒளி குன்றவில்லை.

மாணவர்களே, உங்கள் வாழ்விலும் மறுப்பு வரும். அன்புடையாரின் பிரிவும் வரும். எடுத்த செயல் இடையில் தடைப்படுவதும் உண்டு. அழுகை வந்தால் அழுவது குற்றமன்று. அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பணியைத் தொடர்வதே பொறுமை. பள்ளிவாசலில் ஓர் இரவு கண்ணீர் விட்ட புலவர், மறுநாள் பாடம் கேட்கச் சென்றார். புரவலரை இழந்த பின்னும் சுவடியைச் சுமந்து நெடுவழி நடந்தார். அதனால்தான் 5027 பாடல்கள் நமக்குக் கிடைத்தன.